சென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் போதவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்தால் நாளிதழ்களில் ஏரிகளின் நீர்மட்டத்தைக் கட்டம் கட்டிப் போடுவார்கள். டிசம்பர் பிறந்தால் அதே நாளிதழ்களில் தெருவில் படகு போகும் படம் வரும். இந்த இரண்டு பருவங்களிலும் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கிறது; அதை மறைக்க முயலவில்லை.

சென்னையில் மழை குறைவா?

குறைவில்லை. ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். எந்நேரமும் தூறிக்கொண்டிருப்பதாக நாம் நினைக்கும் லண்டனில் 600 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்கிறது. இங்கே ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள், வடகிழக்குப் பருவமழையாக வந்து முடிந்துவிடுகிறது. அதிலும் பெரும்பங்கு சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் வடக்கே ஆந்திரக் கரைக்கு நழுவிவிட்டால் அந்த ஆண்டு பஞ்சம். நமக்கு நேரே வந்து நின்றுவிட்டால் வெள்ளம்.

ஒரு சிறிய கணக்கு போட்டுப் பாருங்கள். 2011-இல் விரிவாக்கப்பட்ட மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 1,400 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ 21 டிஎம்சி. நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று ஆண்டு முழுவதும் குழாயில் விட்டால் செலவாவது 13 டிஎம்சிக்கும் சற்றுக் குறைவு. பெய்கிற மழை அனைத்தையும் பிடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆவியாகும், ஓடும், மரமும் குடிக்கும். ஆனாலும் ஆண்டுத் தேவையைவிட அதிகமான நீர் நம் தலைமேலேயே விழுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

டிஎம்சி என்றால் எவ்வளவு?

ஆயிரம் மில்லியன் கன அடி. அதாவது நூறு கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 2,830 கோடி. ஏரிகளின் இருப்பை மில்லியன் கன அடியிலும், ஆற்று நீர்ப் பங்கீட்டை டிஎம்சியிலும், குழாய் விநியோகத்தை மில்லியன் லிட்டரிலும் அறிவிப்பார்கள். மூன்றையும் ஒரே அளவையில் சொன்னால் யாருக்கும் எளிதாகப் புரிந்துவிடும். ஏனோ யாரும் சொல்வதில்லை.

நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் எவை?

பூண்டி (3,231 மில்லியன் கன அடி), சோழவரம் (1,081), புழல் என்னும் செங்குன்றம் (3,300), செம்பரம்பாக்கம் (3,645). நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி. 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் இன்னும் 500 சேர்க்கிறது. கடலூர் மாவட்டத்து வீராணத்தையும் சென்னையின் கணக்கிலேயே எழுதுகிறார்கள்.

இந்த ஏரிகளெல்லாம் ஆழமற்றவை, அகன்றவை. வெயில் காலத்தில் ஆவியாகிப் போவது கொஞ்சமில்லை. இந்தத் தட்பவெப்பத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆவியாகும். எனவே நான்கும் நிரம்பி வழிகிற ஆண்டில்கூட அடுத்த மழைக்கு முன் மூச்சு வாங்கவே செய்யும். ஒரு பருவம் பொய்த்தால் சமாளிக்கலாம். இரண்டு பொய்த்தால் முடியாது.

அப்படியானால் மற்ற தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதற்குக் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். 1772-இல் ஜார்ஜ் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க, கூப்பிடு தூரத்தில் கிணறு தோண்டினார்கள். அந்தப் பேட்டையை இன்றும் ஏழுகிணறு என்றே அழைக்கிறோம். நூறு ஆண்டுகள் கழித்து அது போதவில்லை. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றைத் தடுத்துச் சோழவரத்துக்கும் புழலுக்கும் திருப்பி, அங்கிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த கால்வாயில் கொண்டுவந்தார்கள். அது 1872. அதுவும் போதாமல் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. மேயராக இருந்து அதற்காக உழைத்த தீரர் சத்தியமூர்த்தியின் பெயரை அதற்கு வைத்தார்கள். திறப்பைக் காண அவர் உயிரோடு இல்லை.

அடுத்து கிருஷ்ணா. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது தெலுங்கு கங்கை ஒப்பந்தம் முழு வடிவம் பெற்றது. மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தம் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுக்கும். வழிச் சேதம் 3 போக 12 டிஎம்சி நம் எல்லைக்கு வரும். தண்ணீர் பூண்டியைத் தொட்டது 1996-இல். கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் வர வேண்டும். வழியெங்கும் கரை சரிவும் கசிவும் இறைப்பும். 2000-களின் தொடக்கத்தில் சத்திய சாய்பாபாவின் அறக்கட்டளை கால்வாயைச் செப்பனிட்ட பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் முழுப் பங்கு வந்த ஆண்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொடுக்கும் அணைகளும் வறண்டு கிடக்கும்போது ஒப்பந்தத்தைக் காட்டி யாரிடம் கேட்பது?

பிறகு 2004-இல் வீராணம். சோழர் காலத்து ஏரி; கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீரைப் பெறுகிறது. அங்கிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். சென்னையில் காவிரித் தண்ணீர் குடிக்கிறோம் என்பது சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயிக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கும் பிறகு கடல். கோட்டைக்குப் பக்கத்துக் கிணற்றில் தொடங்கி, பஞ்சம் வந்த ஒவ்வொரு முறையும் இன்னும் தொலைவுக்குப் போயிருக்கிறோம். ஒருமுறையாவது காலடியைக் குனிந்து பார்த்தோமா என்றால், 2003-இல் ஒருமுறை பார்த்தோம். அதைப் பற்றிக் கீழே.

2019-இல் உண்மையிலேயே தண்ணீர் தீர்ந்துவிட்டதா?

ஏரிகளில் தீர்ந்துவிட்டது. 2018-இன் வடகிழக்குப் பருவமழை இயல்பில் ஏறத்தாழ பாதிதான். 2019 ஜூனில் நான்கு ஏரிகளிலும் சேர்த்துக் கொள்ளளவில் ஒரு விழுக்காடுகூட இல்லை. செம்பரம்பாக்கத்தின் வெடித்த தரையை உலகம் முழுக்கப் படம் போட்டார்கள். உணவகங்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும் அப்போதுதான், கொரோனாவுக்கு முன்பே.

ஆனால் குழாய் முற்றிலும் நின்றுவிடவில்லை. வழக்கமாக நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த சென்னைக் குடிநீர் வாரியம் அதை 52 கோடி லிட்டர் அளவுக்குக் குறைத்து ஓட்டியது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், வீராணம், திருவள்ளூர் பக்கத்து விவசாயக் கிணறுகள், சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கிய நீர் என்று கைக்கு எட்டியதையெல்லாம் சேர்த்துச் சமாளித்தார்கள். குவாரிக் குட்டை ஒரு மாநகரத்தின் குடிநீர் ஆதாரமாவது பெருமைப்படத்தக்க செய்தி இல்லை. ஆனால் அந்த நெருக்கடியில் பொறியாளர்கள் காட்டிய சாமர்த்தியத்தைக் குறைத்துச் சொல்லவும் மனம் வரவில்லை.

ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு ரயில் வந்தது. வில்லிவாக்கத்தில் மாலை போட்டு வரவேற்பு. அந்த ரயில் கொண்டுவந்தது அன்றைய குறைக்கப்பட்ட விநியோகத்தில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. தொலைக்காட்சிக்கு நல்ல காட்சி, குடத்துக்கு அல்ல.

2015-இல் வெள்ளம், 2019-இல் பஞ்சம். இது எப்படி நடக்கும்?

வேறு வேறு நோயாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: மழை வந்தால் அதை நிறுத்திவைக்க இடமில்லை.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. மண் ஊறி, ஏரிகள் நிரம்பியிருந்த நிலையில் டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை மூழ்கின. முன்கூட்டியே சிறுகச் சிறுகத் திறந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. தணிக்கைத் துறையும் அணை இயக்கத்தைக் கடுமையாகக் குறை கூறியது.

என்றாலும் மதகைத் திறக்கும் அதிகாரியின் இக்கட்டையும் எண்ணிப் பாருங்கள். நவம்பரில் ஏரியைக் காலி செய்துவைத்து, டிசம்பரில் மழை வராமல் போய்விட்டால் ஏப்ரலில் நகரமே அவரைத் திட்டும். குடிநீருக்கு ஏரி நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க அது காலியாக இருக்க வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே ஏரியிடம் கேட்கிறோம். அந்தச் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளத்தான் மேலேயும் கீழேயும் நூற்றுக்கணக்கான சிற்றேரிகள் இருந்தன. 2015-இல் அடையாற்றில் வந்த வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்தின் நீர் மட்டுமில்லை, மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளிலிருந்து வழிந்துவந்த நீரும் உண்டு. அந்த ஏரிகளுக்குத் திறந்து மூடும் ஷட்டர் கிடையாது. கலங்கலை, அதாவது உபரி நீர் வழியும் இடத்தை, தாண்டினால் வந்துகொண்டேதான் இருக்கும்.

அந்தச் சிற்றேரிகள் எங்கே?

சிலவற்றில் நீங்களே குடியிருக்கலாம்.

பழைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். ஒரு ஏரியின் கலங்கலில் வழிவது அடுத்த ஏரிக்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கடுத்தது. வற்றாத ஆறு இல்லாத சமவெளியில் மழையை நிறுத்தி நிறுத்திக் கடலுக்கு அனுப்பும் ஏற்பாடு. உத்திரமேரூர்க் கல்வெட்டு (முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றது. எல்லோரும் அந்தத் தேர்தலைப் பற்றியே பேசுகிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் ஒன்று இருந்ததை ஓர் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகிறோம்.

நகரம் இந்தச் சங்கிலியில் கண்ணி கண்ணியாக உருவியது. 1920-களில் மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி போய் அங்கே குடியிருப்புகளும், 1976-இல் வள்ளுவர் கோட்டமும் வந்தன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது. பார்க்க ஏரி இல்லை. தனியார் ஆக்கிரமிப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பேருந்து நிலையம், நீதிமன்றம், வீட்டுவசதிக் குடியிருப்பு என்று அரசே ஏரிப் புறம்போக்கைத் தேடித் தேடிக் கட்டியது தமிழ்நாடு முழுக்க நடந்த கதை. காரணம் எளிது: காலி இடம், நிலம் எடுப்புச் செலவு இல்லை, எதிர்த்துப் பேச ஆளில்லை.

தெற்கே பள்ளிக்கரணை. சுற்றியிருந்த ஏரிகளின் உபரியெல்லாம் வந்து விரிந்து, மெல்ல ஒக்கியம் மதகு வழியாகக் கடலுக்குப் போகும் சதுப்பு நிலம். அரை நூற்றாண்டுக்கு முன் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு அளவே மிஞ்சியதாகச் சொல்வார்கள். குப்பைக் கிடங்கு, கழிவுநீர் நிலையம், ரயில் பாதை, நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அதிலேயே இடம் கொடுத்தோம். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் நின்ற தெருக்களைப் பழைய வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் வழி தவறி வரவில்லை.

இருக்கிற ஏரிகளைத் தூர்வாரினால் போதாதா?

தூர்வாருவது வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. ஒப்பந்தக்காரருக்குப் பிடித்த வேலை அது. மண் விலை போகும், படமும் எடுக்கலாம். வரத்துக் கால்வாயில் நான்கு வீடுகள் நிற்கும்போது ஏரியின் நடுவில் இன்னும் ஒரு மீட்டர் பள்ளம் பறித்தால் என்ன நடக்கும்? காலிப் பள்ளம் ஆழமாகும், அவ்வளவுதான். முதலில் வரத்து, பிறகு கரையும் மதகும் கலங்கலும், கழிவுநீர் கலப்பதைத் தடுப்பது அதோடு சேர்த்து. கடைசியில் தூர். நடப்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. ஏரியைச் சுற்றி நடைபாதையும் வண்ண விளக்கும் போட்டுவிட்டு அதற்குச் சீரமைப்பு என்று பெயர் வைப்பதைப் பற்றி என்ன சொல்ல.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே. முழுவதும் கடல்நீரையே குடிநீராக்கிவிடலாமே?

ஆக்கலாம், விலை இருக்கிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் ஆலை வந்தது. நெம்மேலியில் 2013-இல் இன்னொரு 10 கோடி, 2024-இல் 15 கோடி. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள்.

ஆயிரம் லிட்டர் எடுக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். பேரூர் அளவிலான ஓர் ஆலைக்கு நாளொன்றுக்கு 12 முதல் 16 லட்சம் யூனிட். மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வரும்வரை, மழை தவறியதற்கு மருந்தாகக் கரியை எரிக்கிறோம். இன்னொன்று, உறிஞ்சும் கடல்நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகிறது. மிச்சம் இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. கரையோர மீனவர்கள் மீன்வளம் பற்றியும் கரை அரிப்பு பற்றியும் பல ஆண்டுகளாக முறையிட்டுவருகிறார்கள். அவர்களுடைய கடலிலிருந்து எடுத்த தண்ணீர் அவர்கள் குப்பத்துக்கே குழாயில் வருகிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், 2019-இல் இந்த ஆலைகள் இல்லையென்றால் நகரம் கைவிடப்பட்டிருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். மழையை நம்பாத ஓர் ஆதாரம் நகரத்துக்குத் தேவை. கடல் இருக்கிறது என்ற தைரியத்தில் ஏரியை விட்டுவிடுவதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

லாரித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வாரியத்தின் லாரி என்றால் வாரியத்தின் நிரப்பு நிலையத்திலிருந்து. தனியார் லாரி என்றால் பெரும்பாலும் புறநகர்க் கிராமத்து விவசாயக் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி மாளிகைகள் எழுந்தபோது குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் வரவில்லை. பல அடுக்ககங்கள் ஆண்டுக்கணக்கில் லாரியை நம்பியே வாழ்ந்தன. ஆயிரம் வீடுகள் கொண்ட வளாகத்துக்கு அதிகாலையிலிருந்து 12,000 லிட்டர், 24,000 லிட்டர் லாரிகள் வரிசைகட்டி வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கிணற்றுக்காரரைக் கேட்டால் அவர் பக்கமும் புரியும். நெல் போட்டு எடுப்பதைவிடத் தண்ணீரை விற்பது லாபம். ஆள்கூலி இல்லை, பூச்சி இல்லை, கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்க வேண்டாம். கேடு என்னவென்றால், அவர் விற்பது அவருடைய தண்ணீரை மட்டும் இல்லை. நிலத்தடியில் வரப்பு கிடையாது. அவருடைய மோட்டார் இரவும் பகலும் ஓடினால் பக்கத்து வயல்காரரின் கிணறு வற்றும், ஊர்ப் பொதுக்கிணறு வற்றும். கடைசியில் அந்த ஊர்ப் பெண்களும் குடத்தோடு லாரிக்குக் காத்திருப்பார்கள்.

வடக்கே மீஞ்சூர்ப் பகுதி இதற்கு முன்பே பாடம் காட்டியது. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் 1960-களின் இறுதியிலிருந்து நகரத்துக்கும் ஆலைகளுக்கும் கிணறு போட்டு இறைத்தார்கள். நல்ல நீர் இறங்க இறங்க, கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது. ஒருமுறை உவர்ந்த மண்ணடுக்கு மீண்டும் இனிக்கப் பல்லாண்டு ஆகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதிக்கான நிலத்தடி நீர்ச் சட்டம் 1987-இலேயே வந்துவிட்டது. கெடுபிடி காட்டினால் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் அறிவிப்பார்கள், இரண்டு நாளில் அடுக்ககங்கள் அலறும், பேச்சுவார்த்தை நடக்கும், லாரிகள் ஓடும்.

வீடுகளுக்கு மீட்டர் ஏன் இல்லை?

பெரும்பாலான வீடுகள் பயன்பாட்டைக் கணக்கிடாமல் ஒரே கட்டணம் கட்டுகின்றன. மீட்டர் வைத்தால் ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்பது வழக்கமான மறுப்பு. ஏழைகள் வீட்டில் இணைப்பே இல்லாமல் தெருக்குழாயிலும் அடிபம்பிலும் பிடிக்கிறார்கள். தோட்டத்துக்கும் காருக்கும் கணக்கில்லாமல் விடுபவர் வேறு ஆள். மாதத்துக்கு இவ்வளவு லிட்டர் இலவசம், அதற்கு மேல் ஏறுவரிசைக் கட்டணம் என்று வைப்பது பெரிய ரகசியம் இல்லை. எந்தக் கட்சியும் தேர்தலுக்கு முன் அதைச் சொல்லாது என்பதும் ரகசியம் இல்லை.

மழைநீர் சேகரிப்பு உண்மையில் பயன் தருமா?

தரும். 2003-இல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியபோது முணுமுணுக்காதவர் குறைவு. அடுத்த சில ஆண்டுகளில் நல்ல மழையும் பெய்தது; கிணறுகளில் நீர் ஏறியதையும் பல இடங்களில் உவர்ப்பு குறைந்ததையும் கண்கூடாகக் கண்டோம்.

உங்கள் கூரை ஆயிரம் சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,400 மில்லிமீட்டர் மழையில், இருபது விழுக்காடு வீணானதாகக் கழித்தாலும் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் எட்டு, ஒன்பது லாரி.

எங்கே எப்படிச் செய்வது என்பதில்தான் தவறுகிறோம். பெசன்ட் நகர், திருவான்மியூர், மயிலாப்பூர் போன்ற கடலோர மணற்பகுதியில் நீர் உடனே இறங்கும். ஓர் உறைகிணறு போதும். அங்கே ஆழ்துளை போட்டு அதிகமாக உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே வரும் என்பதால், மழைநீரை நிலத்தில் இறக்குவது அங்கே கட்டாயக் கடமை. களிமண் பகுதியில் மேலோட்டமான குழி பயன்படாது. களியைத் தாண்டி மணல் வரும்வரை இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் அடியில் பாறை. அங்கே கூரைநீரை வடிகட்டி நேராகத் தரைத்தொட்டிக்கு விடுவது நல்லது, வழிவதைக் கிணற்றுக்கு விடலாம்.

செப்டம்பரிலேயே மொட்டை மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் அடைத்த இலைகளை எடுத்து, வடிகட்டியின் ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். 2003-இல் கட்டிய குழியை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத அடுக்ககங்கள் நிறைய. திட்ட அனுமதிக்காக ஒரு குழாயை மண்ணில் சொருகி வைத்திருக்கும் புதிய கட்டடங்களும் உண்டு. அந்தக் குழாயின் மறுமுனை எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கச் சொல்லப் போகிறார்களா?

இப்போதைக்கு ஆலைகள்தான் பயன்படுத்துகின்றன. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு தொடங்கியது. அந்த நீர் மணலிக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. அவற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த அளவு நல்ல நீர் நகரத்துக்கு மிஞ்சுகிறது. இந்தத் துறையில் சென்னை இந்தியாவுக்கே முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

சுத்திகரித்த நீரை ஏரியில் விட்டு, மழைநீரோடு கலந்து, மீண்டும் சுத்திகரித்துக் குடிநீராக்கும் திட்டங்களும் பேசப்படுகின்றன. அருவருப்பாகத் தோன்றும். சிங்கப்பூர் 2003 முதல் இதைச் செய்கிறது. நம் ஏரிகளில் சுத்திகரிக்காத சாக்கடையே இன்று கலந்துகொண்டிருக்கும்போது, சுத்திகரித்ததை விடுவதற்கு முகம் சுளிப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. எது நல்லது?

வாரியக் குழாய் நீரானால் கொதிக்கவைத்துக் குடித்தால் போதும், ஆர்.ஓ. உப்பு மிகுந்த ஆழ்துளை நீருக்குத்தான் தேவை. ஒரு லிட்டர் வடிக்க அது இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயை வாளியில் விடுங்கள், தரை துடைக்கலாம். கேனில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தேதி, மூடியின் ஒட்டு மூன்றையும் பாருங்கள். வெயிலில் நின்ற கேனை வாங்காதீர்கள்.

எங்கள் பகுதி ஏரியில் சாக்கடை கலக்கிறது. யாரிடம் புகார் செய்வது?

நல்ல கேள்வி, பதில் கொஞ்சம் சோதிக்கும். நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம். மாநகராட்சிக்குள் வந்துவிட்ட ஏரிகளில் சில மாநகராட்சியிடம். கோயில் குளம் அறநிலையத் துறையிடம். சதுப்பு நிலம் வனத் துறையிடம். கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடம். மாசு கட்டுப்பாடு தனி வாரியம். ஒரே ஏரிக்கு ஐந்து அலுவலகங்கள் ஏறி இறங்க நேரும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடமோ இணையத்திலோ புல எண்ணைக் கண்டுபிடித்து, யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பு அவர்களுடையது இல்லை என்று தட்டிக்கழிக்கும் வாய்ப்பு அதோடு பாதி அடைபடும். தனியாகப் போகாமல் குடியிருப்போர் சங்கமாகப் போங்கள்.

மனை வாங்கப் போகிறேன். அது ஏரியா, வாய்க்காலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்தால் தெரியாது. அது பரிவர்த்தனைகளைச் சொல்லும், நிலத்தின் வகையைச் சொல்லாது. அந்தப் புல எண்ணுக்கு, நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டு நகல் எடுங்கள். ஏரி, குளம், வாய்க்கால், ஓடை, புறம்போக்கு என்று எது எழுதியிருந்தாலும் விலகிவிடுங்கள். பட்டா இருக்கிறதே என்று தரகர் சொல்வார். புல வரைபடத்தையும் கிராம வரைபடத்தையும் வாங்கி, பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள். உங்கள் மனை பட்டா நிலமாக இருந்து, அதையொட்டிய வாய்க்கால் தூர்க்கப்பட்டிருந்தாலும் தண்ணீர் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தின்கீழ் கரைக்குள் கட்டிய வீட்டை இடிக்க முடியும். வங்கிக் கடன் நிற்பது அதற்குத் தடையாகாது.

நவம்பர் இறுதியில், நல்ல மழை விட்ட மறுநாள் காலையில் மனையைப் போய்ப் பாருங்கள். பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்காரரிடம் 2015-இல் இங்கே எவ்வளவு உயரம் நின்றது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்.